கடலுக்கு வாங்கிய போன்

வலையிலிருந்து சூடை மீனைப் பிரித்தெடுப்பது பொறுமை வேண்டிய வேலை. செதில் முகத்தில் தெறிக்கும், முள் விரலில் ஏறும், வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். ஆலங்குடாக் கரையில் அன்று காலை யூஜினியும் அவளுடைய தம்பி யூட்டும் அந்த வேலையில்தான் குனிந்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து குனிந்திருக்க வேண்டிய கில்பட், யூஜினியின் கணவன், போட்டின் விளிம்பில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சருங்க, மீன் லொறிக்காரன் வந்திருவான். ஒரு கை குடுங்களன்."

"பொறு யூஜினி. இதை வந்து பார். இந்தப் புதுப் போன் டவர் இல்லாத இடத்திலயும் வேலை செய்யுமாம். நேர சட்டலைட்டுக்குப் போகுதாம்."

யூட் தலையை நிமிர்த்தாமலே சிரித்தான். "அத்தான் இந்த வீடியோவ நேத்தும் பாத்தவர், முந்தநாளும் பாத்தவர்."

கில்பட் கெட்டவனல்ல. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, கடலுக்குப் போகாத நாளென்று அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். விடுமுறைக் காலத்தில் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போவான். அப்படி வந்த ஒருவர்தான் புதிதாக வெளிவந்த அந்தப் போனைக் காட்டி, தன் நாட்டு மலையொன்றில் வழி தவறியபோது டவரே இல்லாத இடத்திலிருந்து உதவி கூப்பிட்டதைச் சொன்னார். அவர் சொன்னது பொய்யுமில்லை. அன்றிலிருந்து கில்பட்டுக்குத் தன் கையிலிருந்த போன் பிடிக்காமல் போய்விட்டது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத போன். படம் எடுக்கும், வழி காட்டும், ஒரு கீறல்கூட இல்லை.

யூஜினியிடம், மாதாமாதம் கட்டி வந்த சீட்டு விழுந்த காசு இருந்தது. அதற்கு அவள் எப்போதோ ஒரு செலவைக் குறித்து வைத்துவிட்டாள். போன வருடம், கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று தொடங்கிய நேரம், பக்கத்து ஊரில் இரண்டு பேர் போட் கவிழ்ந்து திரும்பாமல் போனார்கள். அந்த மரண வீட்டிலிருந்து வந்த அன்றே, சீட்டுக் காசில் போட்டுக்கு ஒரு ரேடியோ செட்டும், போகிற ஆட்களுக்கு மிதவை ஜெக்கெட்டும் வாங்குவதென்று முடிவெடுத்திருந்தாள். அடுத்த மீன்வாடியைச் சேர்ந்த யோசேப்பு அண்ணனின் போட்டில் அப்படியொரு செட் இருந்தது. கடலில் எங்கே நின்றாலும் பக்கத்துப் போட்டுகளோடு அவர் கதைப்பார்.

அன்று பகல் சோறு சாப்பிடும்போது கில்பட் அந்தக் கதையைத் தொடங்கினான்.

"செட் எண்டா கதைக்க மட்டும்தான் யூஜினி. இந்தப் போன் கதைக்கவும் செய்யும், வழியும் காட்டும், ஆபத்து எண்டா ஆக்களையும் கூப்பிடும். ஒண்டுக்கு மூண்டு."

"அத்தான், ஜெக்கெட்டையாவது முதல்ல வாங்குவம்," என்றான் யூட்.

"நீந்தத் தெரியாதவனுக்குத்தான்டா ஜெக்கெட். அதைப் போட்டுக்கொண்டு வலை இழுத்துப் பார், அவிஞ்சு போவாய்."

யூட் சோற்றைப் பிசைந்தான். போட் அத்தானுடையது. அவன் அதில் கூலிக்குப் போகிறவன்.

முடிவு யூஜினியின் கையில் இருந்தது. காசு அவளுடையது. "ஏலாது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கில்பட் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் அவள் மனதிலும் ஓர் ஆசை நுழைந்துவிட்டது. கில்பட்டின் தமக்கை, புருசன் இத்தாலியில் இருக்கிறவள், தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் புதுப் போனோடுதான் வருவாள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பாள். பிறகு யூஜினியின் போனை வாங்கிப் பார்த்து, "இன்னும் இதையா வச்சிருக்கிறாய்?" என்பாள். அவளிடம் இல்லாத ஒன்று தங்கள் வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்று யூஜினி நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு இனித்தது. இனிப்பை மறைக்க அதன்மேல் ஒரு நியாயத்தைப் போர்த்தினாள். கடலில் பாதுகாப்புத்தானே?

சனிக்கிழமை மீனை விற்று முடித்ததும் எல்லோருமாக ஓட்டோ பிடித்துப் புத்தளத்துக்குப் போனார்கள். யூட்டின் மனைவி கௌசல்யாவும் பிள்ளைக்குச் செருப்பு வாங்கவென்று கூட வந்தாள். போன் கடை ஹுனைஸ் தெரிந்த பையன்தான். பெட்டியை உடைத்து, போனை ஒரு துணியால் துடைத்துக் கில்பட்டின் கையில் வைத்தான். கில்பட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கௌசல்யா பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க, யூட் ஒரு படம் எடுத்தான். பிள்ளையின் கண்மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"தம்பி, அந்தச் சட்டலைட் விசயம் எங்கட கடல்ல வேலை செய்யுமோ?" என்று யூஜினி கேட்டாள்.

ஹுனைஸ் கொஞ்சம் யோசித்தான். "பொய் சொல்ல மாட்டன் அக்கா. போன்ல அது இருக்கு, அது உண்மை. ஆனா இஞ்ச வேலை செய்யுதா எண்டு நான் பாத்ததில்ல. சில நாட்டில மட்டும்தான் எண்டு ஒரு கதை இருக்கு. கேட்டுச் சொல்லட்டா? ரெண்டு நாள் பொறுங்க."

"அதெல்லாம் வேலை செய்யும். சட்டலைட்டுக்கு நாடு கிடக்கா? மேல வானத்தில தானே நிக்குது," என்றான் கில்பட். எல்லோரும் சிரித்தார்கள். யூஜினியும் சிரித்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

கொஞ்ச நாள் அந்தப் போன் கரையின் கதையாக இருந்தது. வலை இழுத்து முடிந்ததும் ஆட்கள் கில்பட்டைச் சுற்றிக் கூடுவார்கள். தூரத்தில் போகிற கப்பலின் பெயரைக் கமராவில் கிட்ட இழுத்துக் காட்டுவான். திருவிழாவில் தமக்கைக்காரி அதை வாங்கிப் பார்த்து, விலையைக் கேட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போனைக் கைப்பைக்குள் வைத்தாள். அன்று இரவு யூஜினி மனம் நிறைந்து தூங்கினாள்.

சீசன் முடிகிற நேரம். அறக்குளா மீன் நல்ல விலைக்குப் போகிறதென்று கில்பட்டும் யூட்டும் வழக்கத்தைவிட வெளியே போனார்கள். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும், நடுப்பகலில் என்ஜின் இருமிக்கொண்டு நின்றது. இருவரும் மாறி மாறி என்ஜின் கயிற்றை இழுத்தார்கள். அது உயிர் பிடிக்கவில்லை. காற்று திரும்பிக்கொண்டிருந்தது.

கில்பட் போனை எடுத்தான். டவர் இல்லை. வீடியோவில் பார்த்தபடி அதை வானத்துக்கு நேரே பிடித்து, ஆபத்து உதவிக்கான இடத்தை அழுத்தினான். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவன் அதை யூட்டிடம் நீட்டினான். யூட் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"இந்த இடத்தில இந்தச் சேவை இல்லையாம் அத்தான்."

"திருப்பிப் பார்."

திருப்பியும் அதே வரிதான். மூன்றாம் முறையும் அதேதான்.

வடக்கே ஒரு போட் போனது. யோசேப்பு அண்ணனின் போட். யூட் சேர்ட்டைக் கழற்றி வீசினான், தொண்டை கிழியக் கத்தினான். வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூச வைத்த நேரம் அது. அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கில்பட் அந்தப் போட்டைப் போன் கமராவில் கிட்ட இழுத்துப் பார்த்தான். யோசேப்பு அண்ணன் குனிந்து வெற்றிலை மடிப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

பின்னேரம் எழுந்த அலையில் போட் கவிழ்ந்து, கைக்கு எட்டாத தூரத்துக்கு அடித்துக்கொண்டு போனது. இருவரும் வெறும் பெற்றோல் கான் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். யூட் அந்தக் கரையிலேயே மிக நன்றாக நீந்துகிறவன். ஆனால் கடலில் அந்த இரவு முழுவதும் நீச்சலுக்கு வேலை இருக்கவில்லை, பிடித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. விடிந்து கொஞ்ச நேரத்தில் யூட்டின் விரல்கள் விறைத்துப் போயின. "அத்தான், பிள்ளை..." என்றான். அடுத்த அலை இறங்கியபோது கானின் மறுபக்கத்தில் ஆள் இல்லை.

சிலாபத்துப் பெரிய போட் ஒன்று கில்பட்டைக் கண்டு தூக்கியது. யூஜினியும் கௌசல்யாவும் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவன் உப்பில் வெடித்த உதடுகளோடு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். தாதி ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே அவனுடைய காற்சட்டையும் போனும் இருந்தன. தண்ணீரில் கிடந்தும் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். டவர் கிடைத்ததும் இரண்டு நாளாக வராமல் நின்ற செய்திகள் டிங் டிங்கென்று வந்து விழுந்துகொண்டேயிருந்தன. கௌசல்யா அதை நிறுத்தத் தெரியாமல் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

யூட் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே கோயிலில் பூசை நடந்தது. பூசை முடிந்து வந்த யோசேப்பு அண்ணன், யூஜினியின் முன்னால் நிற்க முடியாமல் நின்றார். "என்ர செட் நாள் முழுக்கத் திறந்துதான் கிடந்தது பிள்ளை. ஒரு சத்தம் கேட்டிருந்தா அரை மணித்தியாலத்தில போயிருப்பன்."

அதன்பிறகு கில்பட் கடலுக்குப் போகவில்லை. முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பான். யூஜினி சமைத்ததைச் சாப்பிடுவான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்ட வாயைத் திறந்தால், கடையில் தான் சிரித்த சிரிப்பு அவளுக்கே கேட்டது.

ஒரு காலை, பக்கத்து வாடியிலிருந்து ஓர் இளம் மீனவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். போனைப் பாதி விலைக்கு விற்பார்களோ என்று கேட்க வந்தவன். யூஜினி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் அது இல்லாவிட்டால் போதும் என்று இருந்தது. அவன் திருப்பிப் பார்த்தான், தென்னை மரத்தைப் படம் எடுத்தான், விரலால் பெரிதாக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. கடலுக்குக் கொண்டு போகலாம், என்ன?"

"உங்கட போட்டில ரேடியோ செட் இருக்கா தம்பி? ஜெக்கெட் இருக்கா?" என்று யூஜினி கேட்டாள்.

"அதெல்லாம் வாற வருசம் பாப்பம் அக்கா."

வாசலில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த கௌசல்யா எழுந்து வந்தாள். பூசை முடிந்த நாளிலிருந்து அவள் யாரோடும் சரியாகப் பேசியதில்லை. அவனுடைய கையிலிருந்து போனை வாங்கினாள்.

"இதைக் கடலுக்கு எண்டு சொல்லித்தான் நாங்களும் வாங்கினம். கடையில அந்தப் பெடியன் ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னான். எனக்கும் கேட்டது, மச்சாளுக்கும் கேட்டது, இந்தா இருக்கிற கில்பட் அண்ணாவுக்கும் கேட்டது. கேட்டும் சிரிச்சம். ஏனெண்டா நாங்க வாங்கினது கடலுக்கில்ல தம்பி, கரைக்கு. மத்தவை பாக்க வேணுமெண்டு. உயிரைக் காக்கிற சாமானுக்கு வச்ச காசில, ஆக்களுக்குக் காட்டுற சாமானை வாங்கினா, காசு மட்டுமில்ல, உயிரும் போகும். என்ர மனிசன் அப்படித்தான் போனவர்."

கில்பட் கதிரையிலிருந்து எழும்பவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"இது விக்கிறதுக்கில்ல தம்பி," என்றாள் யூஜினி.

அவன் சங்கடப்பட்டுப் பின்மண்டையைத் தடவினான். "கோவிக்காதீங்க அக்கா. யூட் அண்ணன்ட விசயம் எனக்கும் கவலைதான்." மோட்டார் சைக்கிளில் ஏறினான். "பரவாயில்ல, நான் புத்தளத்தில புதுசாவே ஒண்டு எடுக்கிறன். இப்ப தவணைக்கும் குடுக்கிறாங்களாம்."

"முதல்ல செட்டை வாங்குங்க. தம்பி, ஜெக்கெட்டையாவது வாங்குங்க. கேக்குதா?" யூஜினி வேலிப் படலை வரைக்கும் ஓடினாள்.

அவன் அதற்குள் சைக்கிளைக் கிளப்பிவிட்டான். என்ஜின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.