கீழே ஒரு அடி

“அழுதா?”

“அழுதாலும் குடுக்கக் கூடாது.”

“கால்ல விழுந்தா?”

“விழுந்த இடத்துலயே கெடன்னு சொல்லிடு. போர்வையை மட்டும் போத்தி விடு.”

அக்கா சிரிக்கவில்லை. ஊசிக்காதில் நூலை நுழைத்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள். “சரி, திருப்பிச் சொல்றேன். காலையில பாதி மாத்திரை. நடுவுல நீ கேட்டாலும், அழுதாலும், விழுந்தாலும் கிடையாது. அது இருக்கிற எடம் உனக்குத் தெரியக் கூடாது. போதுமா?”

“போதும்.”

அவள் திருப்பிச் சொன்ன பிறகுதான் தம்பிக்கு மூச்சு வந்தது. அது அவன் தொழில் பழக்கம். பதினாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது ஒருவன் பெட்டியின் கூரைமேல் நிற்பான். இன்னொருவன் கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில், பட்டன் பக்கத்தில் நிற்பான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். கூரையில் இருப்பவன் சொல்வதை, அறையில் இருப்பவன் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். திருப்பிச் சொல்லாத வரைக்கும் அது காதில் விழாத பேச்சு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் எடைக்கட்டையை இறக்கும்போது அவன் முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி ஒரு மழைக்காலத்தோடு போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் எத்தனை என்று கேட்டால் எரிந்து விழுகிற அளவுக்கு வந்து நின்றது. இப்போது அவனே போய் ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து, விட வேண்டும் என்று சொல்லியிருந்தான். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்றார் அவர். தான் லிஃப்ட்காரன், ஆயுசில் படியில் இறங்கிப் பழக்கமில்லை என்று இவன் சொன்னதற்கு அவர் கொஞ்சமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, தூக்கம்தான் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திரும்பி வரும், அது வரவில்லையே என்று படுக்கையில் கிடந்து மல்லுக்கட்டாதே, எழுந்து உட்கார்ந்து சலிப்பூட்டுகிற வேலை ஏதாவது செய் என்றார். தனியாக இருக்கவே கூடாது என்றும் சொன்னார். அதனால்தான் ஐந்தாவது மாடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தான்.

பள்ளிச் சீருடை தைப்பது அக்காவின் பிழைப்பு. சலிப்பூட்டுகிற வேலைக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. இருநூறு சட்டைகளையும் வெள்ளைப் பட்டன் நிறைந்த தகர டப்பா ஒன்றையும் அவன் முன்னால் வைத்தாள். “பட்டன் வேலைதானே, உனக்குத் தெரியாததா?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் விரல் டப்பாவுக்குள் போகாமல் அந்தரத்தில் நின்றதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் நான்கு இரவுகளை உடம்பே எடுத்துக்கொண்டது. மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. போர்த்தினால் வேர்த்தது, விலக்கினால் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. கால்கள் அவன் பேச்சைக் கேட்காமல் தானாக உதைத்துக்கொண்டன. அக்கா அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து அவன் பாதங்களை அதில் அமிழ்த்தி வைப்பாள். ஆறும் வரைக்கும் கால்கள் சும்மா இருக்கும். பிறகு சுவரை உதைக்க ஆரம்பிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் படுக்கை.

அவனாக ஒரு வழியும் கண்டுபிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு லிஃப்டை மனத்துக்குள் கழற்றுவது. முதலில் கதவு, பிறகு கதவின் உருளைகள், தண்டவாளம், கயிறு. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துத் தரையில் வரிசையாக வைப்பான். கொஞ்சம் அமைதியாகவும் இருக்கும். ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் அது எப்படியும் மேலே இயந்திர அறையில்தான் கொண்டுபோய் விடும். அந்த அறையில் பட்டன் இருக்கும். கீழிருந்து எதிரொலி கூப்பிடுவான்.

எதிரொலி என்பது அவன் கூட்டாளிக்குப் பட்டறை வைத்த பெயர். திருப்பிச் சொல்லும் பழக்கம் அவன் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. டீக்கடையில் ‘ரெண்டு டீ’ என்றால் அவனும் ‘ரெண்டு டீ’ என்பான். உப்பு குறைவு என்று வீட்டில் யாராவது சொன்னால், உப்பு குறைவு என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவான் என்று அவன் மனைவியே சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பது நாளுக்கு முன்னால் எதிரொலி கூரைமேல் நின்றபடி, “கீழே ஒரு அடி” என்றான். மேலே அறையில் இருந்த தம்பி, “கீழே ஒரு அடி” என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு மேலே போகிற பட்டனை அழுத்தினான். அன்று காலையில் மூன்று மாத்திரை அதிகம். கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை.

அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் அவன் சரியாகச் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். வாய்க்குச் சாட்சி இருந்தது, விரலுக்கு இல்லை. பழைய சுவிட்சின் கோளாறு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அடக்கம் முடிந்து திரும்பும்போது எதிரொலியின் மனைவி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க சரியாத்தான் சொன்னீங்களாமே அண்ணே, எல்லாரும் சொன்னாங்க” என்றாள். அந்தப் பேச்சு தாங்காமல்தான் அவன் பிறகு மருத்துவரைத் தேடிப் போனான். திங்கட்கிழமை கடைசி விசாரணை. அவளும் வருவாள். மாத்திரை பேசாத வாயோடு அங்கே போய் உட்கார வேண்டும், விரல் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை விழுங்கிவிட்டால்கூட சொல்ல மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அது உள்ளே போய்விட்டால் எல்லாமே சுவிட்சின் கோளாறாகத்தான் தெரியும். இதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்தாம் இரவு கட்டடத்து லிஃப்ட் நடமாட ஆரம்பித்தது.

ஊரடங்கி வெகுநேரமான பிறகு அது தானாகக் கிளம்பும். உச்சி வரைக்கும் போகும், நிற்கும். யாரும் ஏறுகிற இறங்குகிற சத்தம் கேட்காது. பிறகு இறங்கும். திரும்பவும் ஏறும். சும்மா நிற்கும்போது தரைத்தளத்துக்குத் தானே போய்விடுகிற லிஃப்டுகள் உண்டு, ஆனால் இது அந்த வகை இல்லை. யாராவது அழுத்தினால் ஒழிய இது நகராது. அவன் சட்டையும் ஊசியுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிரேக் பிடிக்கிற நொடியில், கயிற்றின் முனகலுக்கு அடியிலிருந்து, கீழே ஒரு அடி என்று குரல் வரும். அவன் வாய் தானாகத் திறந்து, “கீழே ஒரு அடி” என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டு விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வான்.

காலையில் அக்காவிடம் கேட்டான். ராத்திரியில் யார் லிஃப்டில் போய்வருகிறார்கள்?

யாரும் இல்லை, உனக்குப் பிரமை, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றாள். அவள் கண் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. நீயாவது தூங்கினாயா என்று கேட்டதற்கு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன் என்றாள். அன்று அவள் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்திருந்தாள். அவன்தான் பிரித்துக் கொடுத்தான்.

“இந்தச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போற பையன் வலது கையை எங்க வெச்சுக்குவான்?” என்று கேட்டான்.

“உன்னை மாதிரி தொடைக்கு அடியில வெச்சுக்குவான்” என்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எட்டாம் இரவு அவன் விழுந்தான். நிஜமாகவே அவள் காலில். ஒரு பாதி, ஒரே ஒரு பாதி, ஒரு மணி நேரம் கண் அசந்தால் போதும் என்றான். அவன் சொல்லி வைத்திருந்தபடியே அவள் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்தவனின் தலையைக் கோதிவிட்டாள்.

ஒன்பதாம் இரவு, சனி முடிந்து ஞாயிறு பிறந்த பிறகு, லிஃப்ட் மேலே போயிற்று, இறங்கிற்று, ஐந்தாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. மூடவில்லை. பாதி மூடி எதிலோ இடித்துத் திரும்பத் திறந்துகொண்டது. தட். கொஞ்சம் பொறுத்து, தட். வாசற்படியில் ஏதோ குறுக்கே கிடக்கிறது என்று அவன் காதுக்குத் தெரிந்தது. என்னவென்று பார்க்கக் கால் வரவில்லை. உதைத்துக்கொண்டே இருந்த கால்கள் வெந்நீர் இல்லாமலே முதல்முறையாக அசையாமல் நின்றன. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

லிஃப்டுக்குள் தையல் முக்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை பின்சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. நீட்டிய கால் வாசற்படிக்குக் குறுக்கே கிடந்தது. கதவு அவள் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் கால் சுவரை உதைக்கிற சத்தம் எட்டாத ஒரே இடம் அந்தக் கட்டடத்தில் இதுதான். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இந்த இரும்புத் தொட்டிலில்தான் ஐந்து நாளாக அவள் துண்டு துண்டாகத் தூங்கியிருக்கிறாள். நடமாடியது அவள்தான். அப்படியானால் அந்தக் குரல் யாருடையது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் மடியில் இன்னொரு பட்டன் டப்பா இருந்தது. மூடி திறந்திருந்தது. வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவில் மாத்திரை அட்டையின் ஓரம் மின்னியது.

குனிந்தது தெரியும். எடுத்தது தெரியாது. அட்டை அவன் உள்ளங்கையில் இருந்தது, கட்டைவிரல் ஒரு மாத்திரையின் மேல் இருந்தது. அதுவும் ஒரு பட்டன்தான். அழுத்தினால் பிதுங்கி வரும். நெஞ்சுக்குள் யாரோ மிகத் தெளிவாக, வேண்டாம் என்று சொன்னார்கள். அவன் வாய் உடனே, “வேண்டாம்” என்று திருப்பிச் சொன்னது. அன்றைக்கும் வாய் சரியாகத்தான் சொன்னது. அவன் கட்டைவிரலையே பார்த்தான். அது விலகவில்லை.

“அக்கா” என்றான்.

தட் என்று கதவு அவள் கணுக்காலைத் தொட்டுத் திரும்பியது. அவள் அசையவில்லை. இப்படி ஒரு தூக்கத்தை யாரிடமும் அவன் பார்த்ததில்லை. அதன் முன்னால் மண்டியிட்டு, கையை அவள் மடி வரைக்கும் நீட்டினான்.

“அக்கா, எந்திரி. இதை என் கையிலேர்ந்து வாங்கிக்கோ.”

தட்.

“வாங்கிக்கிறேன்னு திருப்பிச் சொல்லுக்கா.”