அடிவாரத்தில் விற்ற டீசல்

மலை மேலிருக்கும் கிளியூரில் ஐயாக்கண்ணுவின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லாட்ஜின் ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் மட்டும் ஓடும் என்று சொல்லித்தான் வைத்தார்கள். இப்போது சீசன் முழுக்க ஓடுகிறது. புகையில் மூச்சு முட்டி, அவர் இருமுறை சேலம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டார். இன்னொரு முறை தாங்காது என்றார் டாக்டர்.

ஜெனரேட்டரை அகற்றச் சொல்லி மனுக் கொடுக்க வைத்தவள் மகள் கௌரி. நாடு முழுக்க எரிபொருளிலிருந்து எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று கணக்கிடுவது சென்னையில் அவளுடைய வேலை. எங்கே யார் எரித்தார்கள் என்று தேடிப் போக வேண்டியதில்லை. உள்நாட்டில் எடுத்ததையும் இறக்குமதியையும் கூட்டி, ஏற்றுமதியையும் இருப்பில் சேர்ந்ததையும் கழித்தால் எரிந்த அளவு வந்துவிடும்.

"டீசல் வித்த கணக்கப் பாக்கச் சொல்லி எழுதுங்கப்பா. டீசல் இல்லாம ஜெனரேட்டர் ஓடுமா?" என்றிருந்தாள்.

தாலுகா ஆபீசில் மனு மீது நடந்த விசாரணைக்கு அவளும் வந்தாள். அதிகாரி வெங்கடாசலம் மனுவில் கேட்டதை அப்படியே செய்திருந்தார்.

"ஏனுங்க பெரியவரே, மலை மேல பங்க்குல விசாரிச்சாச்சுங்க. போன வருசத்தவிடக் கொறவாத்தான் வித்திருக்கு. இவங்க தண்ணிய ஊத்தியா ஓட்டறாங்க?"

லாட்ஜ் மேனேஜர் செல்லப்பன் சிரித்தார்.

"அடிவாரத்துல இவங்க ஓனருக்கே பங்க் இருக்குதுங்க," என்றார் ஐயாக்கண்ணு. "காய்கறி வண்டியில டிரம்மு டிரம்மா வருது. நானே பாத்தனுங்க."

"நீங்க பாத்தத நான் எழுத முடியுங்களா? கணக்கப் பாருன்னீங்க, பாத்தாச்சு."

கௌரி எழுந்தாள். "சார், வித்தத வச்சு எரிஞ்சதக் கணக்குப் போடற முறை நாட்டுக்குத்தான் சரி. துறைமுகத்துல வர்றது போறது எல்லாம் பதிவாகும். கொண்டை ஊசி வளைவுல யாரு பதியறாங்க? அடிவாரத்துல வித்ததையும் சேத்துப் பாருங்க."

"அங்க சேலம் வண்டியெல்லாம் ரொப்புதும்மா. அதுல லாட்ஜுக்கு வந்தது எதுன்னு பிரிச்சுக் குடுங்க, எழுதறேன்."

அவளால் பிரிக்க முடியவில்லை. மனு தள்ளுபடியானது.

திரும்பும் வழியில் ஐயாக்கண்ணு நின்று நின்று மூச்சு வாங்கினார்.

"உன்ற ஆபீசுக் கணக்குல அந்த டீசலு வந்துருமா சாமி?"

"வந்துருங்கப்பா. நாட்டுக் கணக்குல ஒரு சொட்டு விடாது."

"எங்க எரிஞ்சுதுன்னு?"

"அது வராதுங்கப்பா."

வீட்டை நெருங்கும்போதே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. உள்ளே போகாமல் வாசலில் நின்றார்.

"சேலத்துல ஒரு ரூம் பாரு கண்ணு. ஊட்டப் பூட்டிரலாம்."

"அந்த வெயில்ல நொம்ப சிரமப்படுவீங்கப்பா."

"மூச்சாவது உடலாமல்ல," என்றார்.

மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, துணிமணி எடுக்க உள்ளே போனாள் கௌரி.