ஒரே கோட்டு, மூன்று வேஷம்

கைப்பேசி கிணிங் என்றதும் ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தன் கையால் உருவாக்கிய வலைப்பக்கத்தில் முதல் ஆள் வந்து தேடிவிட்டார்! நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடை அவர்களுடையது. கிழிசல் தைத்துத் தைத்தே ஊசியக்கா என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

தேடியவர் பழைய வாடிக்கையாளர், ஒரு நாடக இயக்குநர். நீதிபதி கோட்டு, மாப்பிள்ளை கோட்டு, மந்திரவாதி கோட்டு. மூன்றுக்கும் 'இருக்கிறது' என்று வந்ததும், அன்று மாலை நாடகத்துக்கே பதிவு செய்துவிட்டார்.

"என்னங்க, மூணு கோட்டு! ஒரே மூச்சுல!" என்று புருஷனிடம் ஓடினாள்.

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றாலே அவருக்கு எட்டிக்காய். "சந்தோஷம். ஆனா பேச்சு பேச்சா இருக்கணும். ஒரே ஒருத்தர் ஏமாந்து நின்னாலும் அன்னைக்கே அந்தக் கம்ப்யூட்டர் கடையை மூடிடணும், சரியா?"

மூடுவதாவது! அடுப்பில் பால் பொங்கி வழிவது கூடத் தெரியாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வித்தை. "ஆகட்டும்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அலமாரியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. ஒன்றே ஒன்று. வெள்ளைக் கழுத்துப்பட்டை வைத்தால் நீதிபதி, பூச்செண்டு குத்தினால் மாப்பிள்ளை, சிவப்புத் துணி தொங்கவிட்டால் மந்திரவாதி! பதிவான மூன்றும் இதே கோட்டுதான்!

வலைப்பக்கம் தொடங்கும்போதே நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறவள். "அண்ணி, லாகின், கலர், அலங்காரம் எல்லாம் அப்புறம். பத்தே பத்துப் பொருள், தேட ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனா ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பார்த்து ஏத்துங்க." அண்ணிக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லையே. சோபாவில் சாய்ந்துகொண்டு, பழைய நாடகப் புகைப்படங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் ஏற்றித் தள்ளிவிட்டாள். படத்துக்குப் படம் வேஷம் வேறு, கோட்டு மட்டும் அதே கோட்டு.

போன் போட்டதும் நாத்தனார் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதே! உங்க அண்ணன் இதை மூட வெச்சிடுவார்."

"மூட விடுவேனா? பொருளுக்கு ஒரு அட்டவணை, வேஷத்துக்கு வேற அட்டவணை. கோட்டு காலருக்குள்ள ஒரு நம்பர் தைங்க. அந்த நம்பர் மாறவே கூடாது. வேஷம் எத்தனை வேணா மாறட்டும், எல்லாம் அந்த நம்பரோட ஒட்டிக்கும். அப்புறம் நிறம், கை, மார்பளவு. தேடுறவங்க அதைத்தான் தேடுவாங்க."

அட, இவ்வளவுதானா! ஊசியக்கா புடவையை இழுத்துச் செருகினாள். கறுப்பாக இருந்த எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் இறக்கி அவள் உள்ளும் புறமும் பார்த்துச் சொல்லச் சொல்ல, நாத்தனார் தட்டினாள். கடைசியில் 'கறுப்பு, முழுக்கை, கோட்டு' என்று தேடினார்கள். இரண்டு வந்தன. ஒன்று தெரிந்த கோட்டு. இன்னொன்று, பேய் வேஷம்!

மேலே தைத்திருந்த வெள்ளைக் கந்தல்களைப் பிரித்தால் உள்ளே இருந்தது முழுசான கறுப்புக் கோட்டு. "ஐயோ, கிடைச்சிடுச்சு!" என்று இருவரும் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடி வந்தார்.

"அந்தப் பேயைத் தைச்சவனே நான்தான்," என்றார். "எனக்கே மறந்துபோச்சு. இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கையில எடுத்துப் பார்த்து ஏத்தினோம் அண்ணா," என்றாள் தங்கை. "ஏத்தாததைத் தேடினா எதுவும் வராது. இன்னும் ஒரு கோட்டு வேணும்."

மூன்றாவது கோட்டு எங்கே இருக்கிறது என்று ஊசியக்காவுக்குத் தெரியும். வீட்டு பீரோவில், அவருடைய கல்யாணக் கோட்டு. தூசி தட்டக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. அதைக் கேட்பதை விடக் கம்ப்யூட்டர் கடையை மூடுவதே மேல் என்று நினைத்தாள். கடைக்காரர் விருட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று அவளுக்கு மனசு துவண்டுவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் உறை போட்ட கோட்டு இருந்தது.

"நம்பரைச் சின்னதா தை. தழும்பு தெரியக் கூடாது."

ஊசியக்காவுக்கு நூல் கோர்க்கும்போது கண்ணீர் மறைத்தது. தைத்து முடித்ததும் விசைப்பலகையை இழுத்துத் தட்டினாள்.

"வேஷம்னு என்ன போட்ட?" என்றார் அவர்.

"மாப்பிள்ளை."

"இன்னைக்கு மந்திரவாதிக்கில்ல போகுது?"

"ஒரு பொருளுக்கு எத்தனை வேஷம் வேணும்னாலும் இருக்கலாம். முதல் வேஷம் இதுதானே?"

அவர் இருமிக்கொண்டார். இயக்குநரின் ஆள் வந்து மூன்று கோட்டுகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனான். நாத்தனாரும் ஊசியக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கடைக்காரர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தேடும் பெட்டியில் 'மாப்பிள்ளை' என்று எழுத்தெழுத்தாகத் தட்டினார். இரண்டு வரிகள் வந்தன. அவர் முகம் சுருங்கியது.

"என் கோட்டு ஏன் கீழ வருது?" என்றார். "அதை மேல கொண்டுவர வழி இருக்கா?"

"இருக்குங்க," என்று ஊசியக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.