முடிவெடுப்பவர் பெயர்

மூன்றாம் பக்கத்தில் 'முடிவெடுப்பவர் பெயர்' என்ற இடத்தில் பெரியவள் யாரையும் கேட்காமல் தன் பெயரையே அடித்து வைத்திருந்தாள். வக்கீல் அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஊராரின் உயில்களைத் தட்டச்சு செய்கிறவள். இப்போது அம்மாவின் முறை. உயிலோடு, நினைவு தப்பிப்போனால் எந்த வைத்தியத்தைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவரை நியமிக்கும் பத்திரத்தையும் அவளே தயார் செய்திருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டுவதும், வேளை தவறாமல் மாத்திரையை விழுங்க வைப்பதும், அம்மாவுக்கு இரண்டு நாள் மலம் போகாவிட்டால் தூக்கமில்லாமல் கிடப்பதும் அவள்தானே. அங்கே வேறு யார் பெயர் வரும்?

அம்மாவையும் இரண்டு மகள்களையும் எதிரில் உட்காரவைத்து வக்கீல் வாசித்துக்காட்டினார். வீடு பெரியவளுக்கு, நகை சின்னவளுக்கு. அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாம் பக்கத்தில் கையைத் தூக்கினாள்.

"அங்க சின்னவ பேர போடுங்க சார்."

சின்னவள் அத்தி பூத்தாற்போல் வருகிறவள். வந்ததும் ஐந்து நிமிடம் அம்மாவின் காலைப் பிடித்துவிடுவாள். அந்த ஐந்து நிமிடத்தை அம்மா ஐந்து மாதம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். தினமும் பிடித்துவிடுகிற கைக்கு, "மெதுவாடி, வலிக்குது" என்பதுதான் கூலி. இப்போது இதுவும் அவளுக்கா? வீட்டை வேண்டுமானால் அவளே எடுத்துக்கொள்ளட்டும், அந்த ஒரு வரியை எனக்குக் கொடு என்று சொல்லப் பெரியவளுக்கு நாக்கு துடித்தது.

"நான் என்னம்மா குறை வச்சேன்?"

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பாவ பத்தொன்பது நாள் மூச்சு மெஷின்ல வச்சிருந்த. போதும்னு டாக்டர் ரெண்டு தடவ சொன்னாரு. நீ விடல. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்னவ அழுதுட்டு விட்டுடுவா. உன்னால முடியாதுடி."

திருத்திக்கொண்டு வரச் சொன்னார் வக்கீல். பெரியவள் தன் மேசைக்குப் போய்த் தன் பெயரை அழித்தாள். யாராக இருந்தாலும் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் பெயர் அடிப்பாள். தங்கையின் பெயரைக் கேட்காமலே அடித்தாள். பின்னாலேயே வந்து நின்ற சின்னவள், "நானா கேக்கலக்கா. எனக்கு பயமா இருக்கு" என்றாள். அந்தப் பயத்தின் மீதும் பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது.

சாட்சிக்கு அலுவலகப் பையனையும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரையும் கூப்பிட்டார்கள். உயிலில் சொத்து பெறுகிறவர் சாட்சி போடக்கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியவள் பெரியவள். அம்மாவின் சாவைப் பற்றிய இத்தனை காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட ஓர் இடம்கூட இல்லை.

அம்மா பேனாவை ஊன்றியதில் மூன்றாம் பக்கம் மேசையில் நழுவியது.

"பேப்பர் ஆடுது, புடிச்சுக்கடி" என்றாள் பெரியவளிடம்.

குனிந்து அழுத்திப் பிடித்தாள். மூன்று விரலுக்கு அடியில் தங்கையின் பெயர் மறைந்துபோனது. அம்மா ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு, கடைசியில் ஒரு புள்ளியும் வைத்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"போட்டாச்சு. விடுடி."

பெரியவளின் விரல்கள் காகிதத்தை விட்டு எழவில்லை.