தராசுக்கு வராத மீன்கள்

இருபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது, நேற்று விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பியவர்கள், இப்போது பத்து, சேவுகனின் பாய்மர வத்தை மட்டும் கோட்டைப்பட்டினத்துக் கரைக்கு வரவில்லை... தூண்டில் போட்டிக்குப் போன மற்றப் பதினோரு வத்தைகளும் நேற்றுச் சாயங்காலமே வாடைக் காற்றுக்குப் பயந்து ஓடிவந்துவிட்டன, அவர்கள் கொண்டுவந்த சீலா மீன்களை மீன்துறைக் கணக்கெழுதும் அமராவதிதான் தராசில் நிறுத்து எழுதினாள், நோட்டில் பன்னிரண்டாவது கட்டம் வெறுமனே கிடக்கிறது. வடக்கே தேடிவிட்டு இப்போதுதான் இரண்டு வத்தைகள் திரும்பின, மறுபடியும் வடக்கேதான் போகப் போகிறார்களாம், அவன் வடக்கே பாய் வைத்துப் போனதை எல்லோரும் பார்த்தார்களாம். பார்க்கத்தானே அப்படிப் போனான்? மீன் கிடக்கும் இடத்தை இங்கே எவன் காட்டிக்கொடுப்பான், ஒரு திக்கில் கிளம்பி, கரை மறைந்ததும் வேறு திக்கில் திரும்புவார்கள், அது தெரிந்தவர்கள்தானே இவர்களும், பின் ஏன்... எந்தத் திக்கென்று தெரியாததால்தான்.

முந்தாநாள் சேவுகன் மீன்துறைக் கொட்டகைக்கு வந்தான், முதல் பரிசு நைலான் வலை, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான். “பெருசு எங்கிட்டுக் கெடக்கும்னு ஒங்க நோட்டுல இருக்காமே, சொல்லுங்கம்மா. யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க.” நாலு வருஷக் கணக்கு, பி.எஸ்ஸி. படித்த கை போட்ட கட்டங்கள், பெரிய சீலாவில் பாதிக்கு மேல் ஒரே பாறைத் திட்டில், அதுவும் வாடை திரும்புகிற நாட்களில். அவளிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. பேசக் கூச்சமாக இருந்தது, சுவரில் இருந்த கடல் வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் விரலை மட்டும் வைத்தாள்.

“ஏ இருளாயி, ஏன் இப்புடி ஒக்காந்திருக்க? ஒம் மச்சான் மீனு மேல ஏறி இலங்கைக்குப் போயிருப்பான், சேலையோட வருவான் பாரு” என்கிறார் சிவசாமி, தேடப் போகும் வத்தையில் கயிற்றை அவிழ்த்தபடி. சேவுகன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. “வாய மூடிக்கிட்டுக் கெளம்புங்க சித்தப்பா.” வராதவன் பேரை இந்தக் கரையில் யாரும் சொல்வதில்லை, ஆகாதாம்... போன ஐப்பசியில் கண்ணாத்தாள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோதும் அப்படித்தான், எங்கே போனான் என்றுகூட யாரும் பேசவில்லை, நோட்டில் அவனுக்கு எந்த வரி இருக்கிறது? இல்லை. அதற்கு முந்தின வருஷம் போன அண்ணன் தம்பிக்கும் இல்லை. மீன் வந்தால்தானே அமராவதி நிறுப்பாள், நிறுத்தால்தானே எழுதுவாள்... அப்படியானால் அவள் கட்டம் போட்டது அந்த இடத்திலிருந்து திரும்பி வந்தவர்களை மட்டும், எத்தனை பேர் போனார்கள் என்று அவள் எண்ணவே இல்லை, எண்ணாமலே விரலை வைத்தாள். நேற்றுச் சாயங்காலமே சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றானே என்று இருந்தாளா, வேலை போய்விடும் என்றா, இருளாயி தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்றா?

பாய் ஏறுகிறது. அமராவதி முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியிருந்தாள்.

“அண்ணே, வடக்க இல்லண்ணே... தெற்குக் கடல்ல, அந்தப் பாறைத் திட்டுக்கு. நான்தான் போகச் சொன்னேன்.”