மரியதாஸ் வீட்டு இன்ஸ்பெக்‌ஷன்

மெல்போர்னிலிருந்து மயிலாப்பூருக்கு வந்த பிரிஸில்லாவின் பெட்டியில் அப்பாவுக்கு இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன. சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது. வெளிநாட்டுப் பெண் வேறு என்னத்தைத்தான் கொண்டு வருவாள்? அதற்கு அடியில் ஒரு கேள்வித்தாள். தனியாக வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும்போது நிரப்ப வேண்டியது.

கல்யாணமாகி மேத்யூவோடு போனவள். பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும், உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள சலுகையில் அங்கே பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கச் சேர்ந்துவிட்டாள். இது கடைசி வருடம். ஜனவரியில் களப்பயிற்சிக்குப் போயாக வேண்டும். அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிடுவேன் என்று மேத்யூவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அம்மாவின் கல்லறையை விட்டு அப்பா எங்கும் வரமாட்டார். அது முடிந்துபோன பேச்சு.

அப்பா மரியதாஸ், மாதா கோவில் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னார். சாப்பாடு? எதிர்வீட்டு அமீனா பீ தினமும் கேரியரில் கொண்டு வருகிறாள். பேச்சுத்துணை? ஆட்டோ ஓட்டும் கபாலி சாயங்காலம் ஆனால் செஸ் ஆட வந்துவிடுகிறான். அவள் இருந்த மூன்று வாரமும் கேரியர் வந்தது, கபாலியும் வந்தான். அவன் ஒவ்வொரு காயையும் தொடுவதற்கு முன்னால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததை அவளும் கவனித்தாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். படித்த படிப்பு அவ்வளவுதான் கை கொடுத்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தெருவில் வந்த ஏதோ ஒரு ஆட்டோவில் தி.நகருக்குப் புறப்பட்டாள். டிசம்பர் மழை. ரங்கநாதன் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்றார்கள். அதே ஆட்டோவில் திரும்பி, தெருமுனையில் இறங்கி நனைந்துகொண்டே வந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"நாளைக்குப் பாப்பா ஏரோப்ளேன் ஏறிடும்ல சார்? அப்பால நான் வரத் தேவல இல்ல? இந்தக் குதிர எப்டிப் போவும்னே இன்னும் மண்டைல ஏறல."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க கபாலி."

அடுத்தது அமீனா பீயின் குரல். "பழையபடி டீயும் பன்னும்தானா சார்? மன்சுக்குக் கஷ்டமா கீது."

"அவ திருப்தியாப் போய்ச் சேரணும்மா. அது போதும் எனக்கு."

பிரிஸில்லா ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் பிள்ளைகளின் தலை எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியாருக்கு வேலை போய்விடும். அதனால் கான்வென்டில் படித்த அவளையும் இரவல் வாங்கி மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். ஒரு தடவை ரிப்பனை மாற்றிக் கட்டி நான்காம் வகுப்பிலும் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளை இரண்டு இடத்திலும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த ஆளுக்குக் கண் தெரியாது என்று அன்றைக்கு அவள் சிரித்திருக்கிறாள்.

உள்ளே போய்க் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மூன்று வாரம் அந்த மனிதர் பட்ட பாட்டையும் சேர்த்தல்லவா கிழிக்க வேண்டும்? தெருமுனைக்கே திரும்பிப் போய்ப் பத்து நிமிடம் மழையில் நின்றாள். பிறகு கேட்டை ஓசைப்படத் திறந்துகொண்டு வந்தாள். கபாலி குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேள்வித்தாளின் அடியில் 'திருப்திகரம்' என்று தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இப்படி எழுதிட்டாருன்னா அந்த ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் மூணு வருஷத்துக்கு வர வேண்டியதே இல்லம்மா" என்றார் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.