ஜோனாஸ் பேசிய ஒரே தமிழ்

மேர்சிக்குத் தமிழ் தெரியும் என்று அந்த மனநல வார்டில் எல்லோரும் நம்பினார்கள். மேர்சியும் நம்பினாள். டென்மார்க்கின் இக்காஸ்டில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வயிற்றுவலி வந்து, தாய் தமிழில் ஏச டெனிஷில் வாய்காட்டி வளர்ந்த தாதி அவள். ஆனாலும் தமிழ் நோயாளி ஒருவர் வந்துவிட்டால் அவள்தான் பேராசிரியர்.

அப்படி வந்தவர் நீக்கிலாஸ். மன்னார்க்காரர், அறுபதைத் தொட்ட மனிதர். சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டுவிட்டார் என்று மகள் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார். நோயாளி கைநீட்டக்கூடியவரா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் புள்ளி போடுவது வார்டு வழக்கம். கூச்சல், எரிச்சல், மிரட்டல் எதுவும் நீக்கிலாசிடம் இல்லை. இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“என்ன அங்கிள், குளிருதோ?”

“மண்டையில போடப்போறாங்கள், பிள்ளை.”

“ஆர் போடினம்?”

“உவங்கள்தான்.” கண்ணாலேயே வாசலில் நின்ற ஜோனாசைக் காட்டினார்.

மேர்சிக்கு மனம் இளகிவிட்டது. பாவம், குளிருக்குத் தலையில் யாராவது ஏதாவது போட்டுவிடுவார்கள் என்று காத்திருக்கிறார். புள்ளித்தாளில் எல்லாவற்றுக்கும் பூச்சியம் போட்டுவிட்டு ஜோனாசிடம் சொன்னாள். ஜோனாசும் தாதிதான். கதவுநிலையில் குனிந்து வருகிற உயரம்; ஆனால் சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏந்தி வெளியே விடுகிறவன்.

“என்ர தொப்பியைக் குடுக்கிறன். தமிழில எப்பிடிச் சொல்லுறது?” என்று அவன் டெனிஷில் கேட்டான்.

“மண்டையில போடுறன், ஐயா,” என்று மேர்சி பாடம் எடுத்தாள். அவன் வாயில் அது படுகிற பாட்டைக் கேட்டுச் சிரித்தாள். “இன்னொருக்கா சொல்லு.”

ஜோனாஸ் சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போனான். இன்ப அதிர்ச்சி கொடுக்கிற நினைப்பு. கம்பளித் தொப்பியைத் தலைக்கு நேரே பிடித்து, அழகான தமிழில், “மண்டையில போடுறன், ஐயா” என்றான்.

கதிரை மேலே எழுந்ததை மேர்சி காணவில்லை. ஜோனாசின் மூக்கு முறிந்த சத்தத்தைத்தான் கேட்டாள். பிறகு அலாரம், ஓடிவந்த கால்கள், தரையெல்லாம் இரத்தம். நீக்கிலாசைக் கட்டிலில் கிடத்தி இடுப்பில் பெல்ட் பூட்டினார்கள்.

“ஒரு அறிகுறியும் இல்லாமல் தாக்கியிருக்கிறார். இப்படிப்பட்டவரைத் தடுப்பு வார்டுக்குத்தான் அனுப்பவேண்டும்,” என்றார் டாக்டர்.

மேர்சி கட்டிலருகே போனாள்.

“ஏன் அங்கிள் அடிச்சனீங்கள்?”

“அவன் சொல்லிப்போட்டுத்தானே வந்தவன்.” கண்ணை மூடிக்கொண்டார். “இப்ப கட்டியாச்சு. கெதியாச் சுடச் சொல்லு, பிள்ளை. மகளுக்கு முன்னால மட்டும் வேண்டாம்.”

“சுடுறதோ! தொப்பி அங்கிள், தொப்பி! மண்டையில தொப்பி!”

அவர் கண் திறந்தார். “நீ எவடம்?”

“இக்காஸ்ட்.”

“அதுதான். எங்கட பக்கம் மண்டையில போடுறதெண்டா பின்னால நிண்டு தலையில சுடுறது. என்ர தம்பிக்கு அப்பிடித்தான் போட்டவங்கள்.”

இந்த மனிதருக்கு மரணதண்டனையை வாசிக்க மேர்சி ஒருவனுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டு.

டாக்டரிடம் ஓடினாள். “பிழை என்ரது. அவர் பயத்தைச் சொன்னவர், எனக்கு விளங்கேல்லை. ஜோனாசுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.” அர்த்தத்தைச் சொன்னபோது தன் டெனிஷ் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

மூக்கில் பஞ்சோடு நின்ற ஜோனாஸ் அவள் பக்கம் திரும்பினான். “அப்ப நான்… ‘சுடுறன், ஐயா’ எண்டோ சொன்னனான்?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஜோனாஸ் இந்த முறை முன்பக்கமாக, மெதுவாக வந்தான். காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். கதவுத் திறப்புக் கோர்வையும் சூயிங்கமும் விழுந்தன. நீக்கிலாஸ் வெறும் பைகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்கைப் பார்த்தார்.

“பிள்ளை, உந்தத் தம்பிக்கு ஐஸ் வைச்சவையோ எண்டு கேள்.”

மேர்சி டெனிஷில் சொல்ல ஜோனாசிடம் திரும்பினாள். பாதியில் நிறுத்திவிட்டு அவரிடமே கேட்டாள்.

“அங்கிள்… ஐஸ் எண்டா ஐஸ்தானே?”

“ஓம் பிள்ளை. ஐஸ் எண்டா ஐஸ்தான்.”